காரைக்குடி வட்டாரத்தில் கனரக லாரிப் பயிற்சி: 37 வயதில் சேர்ந்த ஒருவரின் மதிப்பீடு

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் பதினொரு ஆண்டுகள் கணக்கு எழுதிய பிறகு, 37ஆம் வயதில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்து, காரைக்குடி வட்டாரத்தில் உள்ள ஒரு கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். முப்பது நாள் பயிற்சிக்கு 14,500 ரூபாய் கட்டினேன். பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, ஏழு மாதங்களாக நெடுந்தூர லாரியில் இரண்டாம் ஓட்டுநராகப் போய்வந்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பள்ளியை விட்டு வந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் இதைவிட அதிகமாகப் புகழ்ந்திருப்பேன். வண்டியைக் கையாளும் கலையை அந்தப் பள்ளி மிக நன்றாகக் கற்றுத் தருகிறது. ஆனால் நெடுந்தூர ஓட்டம் என்ற தொழிலை அது கற்றுத் தருவதில்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேர்பவருக்குக் கொடுத்த பணம் வீணாகாது. பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. கீழே சொல்லும் குறையை எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் விசாரித்துக்கொள்வது நல்லது என்பதால், பெயரைவிட விவரமே பயன்படும்.

என் அணியில் ஆறு பேர் இருந்தோம். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த இருவர், ஒரு கொத்தனார், தேவகோட்டைப் பக்கம் மிளகாய் பயிரிடும் ஒரு விவசாயி, இருபது வயது நிரம்பிய ஓர் இளைஞர், பிறகு நான். விவசாயி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதி 2019இல் நீக்கப்பட்டதால்தான் அவரால் சேர முடிந்தது. வண்டியின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றும் நேரத்தைச் சொல்லிவிடும் காது அவருக்கு இருந்தது. சேர நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும் என்பதைத்தான். அது இல்லாமல் லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமமே கிடைக்காது. மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்றான படிவம் 1ஏ கட்டாயம். என்னைப் போல் நாற்பதை நெருங்குபவர்கள் அந்தப் படிவத்துக்காகப் போகும்போதே கண்ணையும் சர்க்கரையையும் உண்மையாகவே பரிசோதித்துக்கொள்வது நல்லது. எனக்கு இரவில் எதிர்வெளிச்சம் கூசுவதற்குக் கண்ணாடியின் எண் மாறியிருந்ததே காரணம் என்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

பள்ளியின் பெரும் சொத்து அதன் மைதானமும் அங்கே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரும்தான். வறண்ட கண்மாய்க் கரையை ஒட்டிய செம்மண் பொட்டல் அது. பனங்கட்டைகளை நட்டு வளைவுகளும் சந்துகளும் அமைத்திருக்கிறார்கள். மாஸ்டர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோரையும் தம்பி என்றே அழைப்பார், ஆனால் ஒருவரையும் ஒருமையில் பேசமாட்டார். முதல் மூன்று நாட்கள் அவர் எங்களை ஓட்டவே விடவில்லை. லாரியைச் சுற்றி நடக்கவைத்தார். டயரை இரும்புக் கம்பியால் தட்டி, ஒலியிலிருந்து காற்றின் நிலையை உணர்வது, இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, காற்றுத் தொட்டியின் அடி வால்வைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றுவது, வீல் நட்டுகளில் துரு வழிந்த கோடு தெரிகிறதா என்று கவனிப்பது ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தோம். இளைஞருக்குப் பொறுமை இல்லை; எனக்கு அது கணக்குப் புத்தகத்தில் முந்தைய நாள் இருப்பைச் சரிபார்த்துவிட்டுப் புதிய பக்கத்தைத் தொடங்குவது போல் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். முந்தைய இரவு மழை பெய்திருந்ததால் மண் ஈரமாக இருந்தது. கொத்தனார் லாரியை இடப்பக்கம் முழுவதுமாக ஒடித்துத் திருப்பி நிறுத்தினார். எல்லோரையும் இறங்கச் சொன்ன மாஸ்டர், மண்ணில் பதிந்திருந்த தடங்களைக் காட்டினார். முன் சக்கரத்தின் தடம் அகலமாக வெளியே வளைந்து போயிருக்க, பின் சக்கரங்களின் தடம் அதைவிட மிகவும் உள்ளே வெட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டுக்கும் இடையில் குதிகாலும் விரலும் தொட்டுத்தொட்டு அடிவைத்து அளந்தார். நான்கு அடிக்குமேல் வந்தது. "அந்த நாலடிக்குள்ளதான் தம்பி சைக்கிள்காரர் நிப்பாரு. நீங்க முன்னாடி கண்ணாடியில பாத்தா அவர் தெரியமாட்டாரு" என்றார். பிறகு என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, அவரே போய் அந்த இடத்தில் நின்றார். இடப்பக்கக் கண்ணாடியில் அவர் தோளின் ஓரம் மட்டும் தெரிந்தது. ஓரடி முன்னால் நகர்ந்ததும் அதுவும் மறைந்துவிட்டது. செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடிச் செங்குத்தாக வெட்டிக்கொள்வதால், லாரி போகும் ஒவ்வொரு முக்கிலும் இந்தப் பாடம் நினைவுக்கு வருகிறது. இந்த ஒரு காலைக்காகவே அந்தப் பள்ளிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பின்னோக்கி எடுப்பதும் அதே அக்கறையோடு கற்பிக்கப்பட்டது. இரண்டு பனங்கட்டைகளுக்கு நடுவே வண்டியை விடும்போது, சந்தேகம் வந்த கணமே நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது மாஸ்டரின் கட்டளை. பின்னால் நின்று ஒருவர் வா வா என்று குரல் கொடுப்பதை மட்டும் நம்பி எடுப்பவருக்கு அன்று மறுவாய்ப்புக் கிடையாது. ஏர் பிரேக் பாடமும் குறிப்பிடத்தக்கது. வண்டியை எடுக்கும் முன் காற்று அழுத்தம் முழுமையாக ஏறும்வரை காத்திருப்பது, பிறகு எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி முள் இறங்குகிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்பது என்ற பழக்கத்தை அவர் எங்கள் உடம்பில் ஏற்றிவிட்டார். இன்றும் அந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு நான் வண்டியை எடுப்பதில்லை.

இனி குறைக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி, போக்குவரத்து வாகனப் பயிற்சி முப்பது நாட்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பயிற்சி பெறுபவர் தாமே வண்டியை ஓட்டிய நேரம் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. ஒவ்வொருவரும் ஓட்டிய நேரத்தைப் பதிவதற்குத் தனிப் பதிவேடு உண்டு. படிவம் 15 என்பது அதுதான். கணக்கு எழுதிய பழக்கத்தால், முதல் நாளிலிருந்தே ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் குறித்துவந்தேன். ஓட்டவிடாத முதல் மூன்று நாட்களையும் சேர்த்து, ஞாயிறு போக 26 நாட்கள் பயிற்சி நடந்தது. கடைசி நாளில் கூட்டிப் பார்த்தபோது 11 மணி 20 நிமிடம் வந்தது. அதாவது சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 நிமிடம். அலுவலகத்தில் கையெழுத்துக்காக நீட்டிய பதிவேட்டிலோ பதினைந்து மணி நேரத்துக்கு மேல் எழுதப்பட்டிருந்தது.

கையெழுத்துப் போடாமல் நோட்டை எடுத்துக் காட்டினேன். அலுவலகத்தில் இருந்தவர், மற்றவர் ஓட்டும்போது கேபினில் உட்கார்ந்து பார்த்த நேரமும் பயிற்சிதான் என்றார். பார்ப்பதும் பயிற்சியே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விதி கேட்பது ஓட்டிய நேரத்தை. ஆறு பேருக்கும் பதினைந்து மணி நேரம் கிடைக்க வேண்டுமானால் ஒரே லாரி சராசரியாகத் தினமும் மூன்றரை மணி நேரம் ஓடியாக வேண்டும். எங்கள் லாரியின் சராசரி மூன்று மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. மிச்சப்பட்டது பள்ளியின் டீசல்; குறைந்தது எங்கள் கையிலிருந்த ஸ்டியரிங். நாளை இருபத்தெட்டு டன் எடையோடு ஒரு பள்ளிக்கூட வாசலைக் கடக்கப்போகும் ஆளிடம் மூன்று மணி நாற்பது நிமிடத்தைக் குறைத்துக்கொள்வது சிறு விஷயம் அல்ல. பேச்சு வளர்ந்ததைக் கேட்டு உள்ளே வந்த மாஸ்டர், நோட்டை வாங்கி ஒரு பக்கம் விடாமல் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வந்துருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அடுத்த நான்கு நாட்கள் விடியற்காலையில் ஐம்பத்தைந்து நிமிட வீதம் என்னை மட்டும் ஓட்டவைத்தார். கணக்கு நேரானது. கேட்ட எனக்குக் கிடைத்தது. கேட்கத் தெரியாமல் கையெழுத்திட்டுப் போன மற்ற ஐவருக்கும் கிடைக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளி தந்த படிவம் 5 சான்றிதழோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டிக் காட்டினோம். மாஸ்டரிடம் பனங்கட்டைக்கு நடுவே பழகியவர்களுக்கு அது கடினமாக இல்லை. போக்குவரத்து வாகன உரிமம் ஐந்து ஆண்டுகள் செல்லும். முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்தது 2019 சட்டத் திருத்தத்தால் கூடியது.

பள்ளியில் கிடைக்காத பாடம் எது என்பது முதல் நடையிலேயே தெரிந்துவிட்டது. ஆலைப் பழக்கத்தில் தெரிந்த ஓர் உரிமையாளர் தம் பத்துச் சக்கர லாரியில் என்னை இரண்டாம் ஓட்டுநராக ஏற்றிவிட்டார். முதன்மை ஓட்டுநர் என்னைவிட எட்டு வயது இளையவர். என்னை அண்ணே என்றுதான் அழைப்பார், ஆனாலும் வண்டிக்குள் அவர் சொல்வதே முடிவு. தொழில் மாறி வருபவர்கள் இதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். ஆத்தங்குடித் தரை ஓடுகளைப் பெங்களூருக்கு ஏற்றினோம். சூளையில் சுடாமல், கண்ணாடிப் பலகைமேல் வார்த்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திச் செய்யும் சிமெண்ட் ஓடுகள் அவை. படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பவை விரிசல் விட்டுவிடும் என்பதால், செங்குத்தாக நிறுத்தி இடையிடையே வைக்கோல் செருகினார்கள். லாரியின் பாதி உயரம்கூட நிறையவில்லை. எடைமேடையில் எடை நிறைந்துவிட்டது. பத்துச் சக்கர லாரிக்கு, வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 2018 திருத்தத்துக்குப் பின் 28.5 டன். பள்ளியில் நான் ஓட்டியதெல்லாம் சரக்கு ஏற்றாத ஆறு சக்கர லாரி. அது மிதித்த இடத்தில் நின்றது. இது நிற்க விரும்புவதை முன்கூட்டியே வண்டிக்கு அறிவிக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது ஓசூரில் இயந்திர உதிரிப்பாகங்கள் ஏற்றிக்கொண்டு வந்தோம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாய், சேலத்தை நோக்கி வருபவர்களுக்கு நீண்ட இறக்கம். அங்கே நடந்த விபத்துகளைச் செய்தித்தாளில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இறக்கம் தொடங்குவதற்கு வெகு முன்பே ஓட்டுநர் வேகத்தை வெகுவாகக் குறைத்து, கியரைக் கீழே இறக்கி, எஞ்சினின் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டார். எஞ்சின் தடுத்த குரலில் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்துவைத்தது. கால் பிரேக்கை அவர் எப்போதாவது ஒருமுறை மிதித்து உடனே விட்டார். எங்களைக் கடந்துபோன ஒரு லாரியிலிருந்து பிரேக் லைனர் தீயும் வாடை கேபினுக்குள் வந்தது. "அவர் கால்ல இறங்குறாரு அண்ணே, நாம எஞ்சின்ல இறங்குறோம். டிரம் சூடாயிருச்சுன்னா அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது" என்றார். பயிற்சிப் பள்ளியில் எக்ஸாஸ்ட் பிரேக் என்ற சொல்லைக் கரும்பலகையில் பார்த்திருக்கிறேன். சரக்கு ஏற்றிய வண்டியின் எடை முதுகுக்குப் பின்னால் தள்ளும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை, பள்ளி மணல் மூட்டைகளையாவது ஏற்றி ஒரு நாள் காட்டியிருக்கலாம். திருமயம் பக்கத்தில் ஏற்ற இறக்கம் உள்ள சாலைகள் இருக்கின்றன. மனம் இருந்தால் செய்யக்கூடியதே. முப்பது நாட்களில் ஒருமுறைகூட இருட்டில் ஓட்டவைக்கவில்லை என்பதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரக்குக் கட்டுவது இன்னொரு விடுபட்ட பாடம். தார்ப்பாயை எந்தப் பக்கத்திலிருந்து மடித்தால் காற்று உள்ளே புகாது, கயிற்றை எங்கே குறுக்காக எடுத்தால் மூட்டை சரியாது என்பதெல்லாம் சுமைப்பணியாளர்களும் பழைய ஓட்டுநர்களும் மட்டுமே அறிந்தவையாக இருக்கின்றன. புதுவயல் அரிசி மூட்டைகள் முதல் முப்பது, நாற்பது கிலோமீட்டரிலேயே குலுங்கி அமர்ந்துவிடும். கிளம்பும்போது விறைப்பாக இருந்த கயிறு அதற்குள் தொய்ந்திருக்கும். அங்கே நிறுத்தி மறுபடி இறுக்காதவர் வளைவில் அதன் விலையைக் கொடுப்பார். பள்ளியின் லாரி பழையது என்பதால், 2020 ஏப்ரலிலிருந்து வரும் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டுத் தர வண்டிகளில் டீசலோடு, புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்ப்ளூ என்ற திரவத்தையும் கவனித்து ஊற்ற வேண்டும், அது தீர்ந்தால் எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் அங்கே யாரும் சொல்லவில்லை.

காகிதங்கள் விஷயத்தில் மட்டும் நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தேன். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். காரைக்குடியிலிருந்து பெங்களூர் நானூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதால் மூன்று நாள் கிடைக்கும். ஆலையில் இருக்கும்போது நான் போட்டுக் கொடுத்த பில்லின் காலாவதி நேரத்தை, வழியில் டயர் வெடித்து நிற்கும் ஓர் ஓட்டுநரின் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது பில்லைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்த நேரத்தையும் வண்டி எண்ணையும்தான். வண்டி எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் சோதனையில் நிற்கப்போவது நாம்தான். காப்பீடு, வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி., நேஷனல் பெர்மிட், மாசுச் சான்று ஆகியவற்றின் தேதிகளைப் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளி கற்பித்தது, அதைப் பாராட்டுகிறேன்.

வேலை நேரம் பற்றி எவரும் சேருபவரிடம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்தது. ஓட்டும் நேரத்தைத் தவிர, ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும், திரும்பும் வழிக்கான சரக்காகிய ரிட்டர்ன் லோடுக்கும் காத்திருக்கும் நேரம் இருக்கிறது. அது ஓட்டமாகவும் கருதப்படுவதில்லை, ஓய்வாகவும் அமைவதில்லை. ஒரு முறை லோடுக்காக புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு பகலும் ஓர் இரவும் இருந்தோம். ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று படிப்பணம் பேசியிருந்தால், அந்த இரண்டு நாட்களுக்கும் வருமானம் இல்லை. மாதச் சம்பளத்துக்குப் பழகிய குடும்பம் என்பதால், ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்துவைத்த பிறகுதான் ஆலை வேலையை விட வேண்டும் என்று என் மனைவி வற்புறுத்தினார். அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளில் குளிர்சாதன வசதியுள்ள கேபின் 2025இல் கட்டாயமாக்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம். நாங்கள் ஓட்டுவது அதற்கு முந்தைய வண்டி, சித்திரையில் நண்பகலில் நிழல் தேடி நிறுத்திவிட்டு மாலையில்தான் கிளம்புகிறோம்.

வெளியூர் போய்த் தங்கிக் கற்க முடிந்தவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தோடு இணைந்த ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. லாரித் தொழிலின் நடுவிலேயே அது அமைந்திருப்பதால், பழகும் ஆட்களும் அந்தத் தொழிலின் ஆட்களாகவே இருப்பார்கள். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வாகனப் படிப்பு ஆறு வாரங்களில் 38 மணி நேரம். அங்கே தேறியவர்களுக்கு உரிமத்துக்கான ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. குடும்பத்தை விட்டு ஆறு வாரம் தங்க இயலாது என்பதால் நான் உள்ளூரிலேயே சேர்ந்தேன். அந்த முடிவைத் தவறென்று நினைக்கவில்லை.

இந்தப் பள்ளியில் சேர்பவர், பணம் கட்டும் முன்பே மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: ஓர் அணியில் எத்தனை பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் ஸ்டியரிங், படிவம் 15ஐ அன்றன்றைக்கே பார்த்துக் கையெழுத்திட அனுமதி உண்டா. மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் அதே இடத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், மாதக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம். உரிமம் வந்த கையோடு முதன்மை ஓட்டுநராக ஏறிவிடாமல், குறைந்தது மூன்று மாதமாவது ஒரு நல்ல ஓட்டுநரோடு இரண்டாவது ஆளாகப் போங்கள். மாஸ்டர் காலை அணிக்கு மட்டுமே வருகிறார். மாலை அணிக்கு வேறொருவர். விடியற்காலையில் எழுவது சிரமமாக இருந்தாலும் காலை அணியையே கேட்டு வாங்குங்கள்.